வேம்புலியின் கசப்பு வைத்தியம்

பருத்திப்பட்டில் படித்த டாக்டர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். படிக்காத டாக்டர் ஒருவர் இருந்தார். படித்தவர்களைப் பார்க்க டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார வேண்டும். படிக்காதவர் சாயங்காலம் ஆறரை மணிக்கு ஒயின் ஷாப் பாரில், ஓரத்து பெஞ்சில் தானாகவே கிடைப்பார். பெயர் வேம்புலி. தொழில் கம்பெனி பஸ் டிரைவர். சர்க்கரை வைத்தியம் உபதொழில்.

நான் உலகநாதன். ஆவடி - பூந்தமல்லி ரோட்டில் இருபத்திரண்டு வருஷமாக மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். வேம்புலி டாக்டரானதில் எனக்கும் பங்கு உண்டு. சுகர் பார்க்கிற மெஷினை அவனுக்கு விற்றவன் நான்தான்.

முதலில் அவனுடைய நல்ல பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் சொல்ல நேரம் கிடைக்காது. பதினெட்டு வயதில் லாரி கிளீனராகப் போனவன், தானே ஓட்டக் கற்றுக்கொண்டு, கடைசியில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனிக்கு ஆள் ஏற்றும் பஸ்ஸில் டிரைவராக உட்கார்ந்தான். பதினாலு வருஷம். பஸ்ஸில் ஒரு கீறல் கிடையாது. முதல் ஷிப்ட்டுக்குப் போகும் நாற்பத்திரண்டு பெண்கள் அவனை நம்பித்தான் விடியற்காலையில் வாசல் தாண்டினார்கள். யாராவது வரத் தாமதமானால் இரண்டு தடவை ஹாரன் அடிப்பான், இரண்டு நிமிஷம் நிற்பான், ஒரு வார்த்தை திட்டமாட்டான். அவன் மனைவி பொன்னியம்மா அதே கம்பெனி கேன்டீனில் வேலை பார்க்கிறாள். டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் உட்கார்ந்து போவாள். என் மகள் கிருஷ்ணப்பிரியாவுக்கு அங்கே வேலை கிடைத்தபோது, "வேம்புலி வண்டிதானே, தைரியமாகப் போ" என்று அனுப்பியவன் நானே.

நாற்பத்திநாலு வயதில் வேம்புலிக்கு சர்க்கரை வந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அரிசியைக் குறை, நட, குடியை நிறுத்து என்றும் சொன்னார். மாத்திரை மட்டும் அவன் காதில் விழுந்தது. மற்ற மூன்றையும் அவன் சொந்தமாக ஆராய்ச்சி செய்து பார்க்க முடிவெடுத்தான். அதற்குத்தான் மெஷின்.

ஆராய்ச்சியின் அடிப்படை இதுதான்: கசப்பு இனிப்பை முறிக்கும். இதை அவன் மட்டுமா சொல்கிறான்? ஊரே சொல்கிறது. பாகற்காய் ஜூஸ், வெந்தயம், வேப்பங்கொழுந்து, நிலவேம்பு என்று கசப்பாக எது கிடைத்தாலும் அரைத்துக் குடித்துவிட்டு மாத்திரையை நிறுத்துகிற கூட்டத்துக்கு எங்கள் பேட்டையில் பஞ்சமில்லை. வேம்புலி அந்த வழியில் ஓரடி கூடுதலாக வைத்தான்.

"பிராந்தி கசக்குதா இல்லியா, அண்ணாத்தே?"

"கசக்குது."

"அப்பால இன்னா? பாவக்காய விட ஜாஸ்தி கசக்குது. பாவக்கா வாயில கசக்குதோட சரி. இது உள்ள போயி ஈரல் வரைக்கும் கசக்குது."

சிரித்தேன். ஆனால் மறுநாள் காலையில் மெஷினைக் கொண்டுவந்து காட்டினான். முந்தின நாள் காலை நூற்றெழுபது. ராத்திரி சாப்பாடு எதுவும் இல்லாமல் ஒரு குவார்ட்டர், வெறும் தண்ணீர் கலந்து. காலையில் எழுந்து பார்த்தால் எண்பத்தெட்டு. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. டிப்ளமா இன் பார்மசி என்று சுவரில் கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருப்பவன் நான். "பரவாயில்லையே வேம்புலி" என்று சொல்லி, இன்னொரு டப்பா ஸ்ட்ரிப்பை எடுத்து வைத்தேன்.

அதற்கப்புறம் அவனைப் பிடிக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சோதித்தான். பீர் குடித்தால் ஏறுகிறது, பீர் ஒழிந்தது. பிராந்தியோடு கலர் சோடா கலந்தால் ஏறுகிறது; கலர் ஒழிந்தது. பக்கத்தில் சிக்கன் பக்கோடாவும் பரோட்டாவும் வைத்துக்கொண்டால் இருநூற்று நாற்பது, சைடிஷ் ஒழிந்தது. கடைசியில் நின்றது பிராந்தி, தண்ணீர், வெறும் வயிறு. இதை அவன் 'பத்தியம்' என்று அழைத்தான். பத்தியத்தின்போது ராத்திரிச் சாப்பாடு கூடாது. மாத்திரையை மட்டும் விடவே கூடாது. மருந்தும் மருந்தும் சேர்ந்தால் வேகம் கூடும் என்பது அவனுடைய கண்டுபிடிப்பு. பாவி, அந்த ஒரு விஷயத்தில் அவன் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை.

மற்றவர்கள் போனில் பேரப்பிள்ளை படத்தைக் காட்டுவார்கள். இவன் மெஷினின் மெமரியைக் காட்டுவான். "எழுவத்தி நாலு! பாத்தியா? இத்தப் பாரு, அறுவத்தி ஒண்ணு! பாஸ்டிங் அறுவத்தி ஒண்ணு, சின்னப் பசங்களுக்குக் கூட இப்டி வராது மாமே!" பாரில் இருந்தவர்களுக்கு இதைவிட இனிப்பான செய்தி வேறென்ன இருக்கும்? வீட்டில் குடிக்காதே என்கிறார்கள், டாக்டர் குடிக்காதே என்கிறார், இங்கே ஒருவன் மெஷினில் ஆதாரத்தோடு குடி என்கிறான். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ஆட்டோ ஓட்டும் செல்வகுமார் முதல் சிஷ்யன். அவன் கலர் சோடா இல்லாமல் குடிக்கத் தெரியாதவன். ஒரு வாரத்தில் முன்னூற்று நாற்பதுக்குப் போய் நின்றான். "பத்தியத்த உட்டுட்டு வைத்தியரக் கொற சொல்லாத" என்று வேம்புலி அவனை எல்லார் முன்னிலையிலும் கண்டித்தான்.

பொன்னியம்மாவுக்கு மட்டும் இந்த வைத்தியத்தில் நம்பிக்கை கிடையாது. பத்தியத்துக்கு மறுநாள் காலையில் புருஷன் காரணமில்லாமல் எரிந்து விழுகிறான், விடியற்காலைக் குளிரிலும் சட்டை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வியர்க்கிறது, கேட்ட கேள்விக்குப் பதில் வேறு எங்கோ போகிறது. இதையெல்லாம் பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்தவள் அவள். ஒருநாள் எரிச்சல் தாங்காமல், வாயை அடைப்பதற்காகத்தான் ஒரு கடலை மிட்டாயை அவன் கையில் திணித்திருக்கிறாள். கால்மணி நேரத்தில் மனுஷன் மனுஷனாகிவிட்டான். அன்றிலிருந்து அவள் பையில் கடலை மிட்டாய் பொட்டலம் ஒன்று எப்போதும் கிடக்கும். "பசி வந்தா அந்தாளுக்குப் பேய் புடிக்குது" என்பது அவளுடைய விளக்கம்.

ஜூன் பன்னிரண்டாம் தேதி நடந்ததைச் சொல்ல வேண்டும். அன்று பிரியாவின் பிறந்தநாள். அதனால் தேதி எனக்கு மறக்காது. கரையான்சாவடியில் பூந்தமல்லிக்கு வலது பக்கம் திரும்ப வேண்டியவன், இடது பக்கம் திரும்பி, கூப்பிடக் கூப்பிடக் கேட்காமல், நாற்பத்திரண்டு பெண்களோடு நேராக ஐயப்பன்தாங்கல் பஸ் டெப்போ வாசலில் போய் நிறுத்தினான். அன்று பொன்னியம்மா லீவு. அங்கே ஒரு டீக்கடையில் பெண்கள் அவனுக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்த பிறகுதான், "இன்னா, இங்க வந்து கீறோம்?" என்று கேட்டானாம். பிரியாவுக்கு அரைநாள் சம்பளம் போயிற்று. சாயங்காலம் கேக் வெட்டும்போது அவள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். பதினாலு வருஷப் பழக்கத்தில் பஸ்ஸே வழி கேட்காமல் போகும், டிரைவருக்குத்தான் வழி மறந்துவிட்டது என்று கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் சொன்னேன்.

ஜூலையில் கம்பெனி ஒரு நோட்டீஸ் ஒட்டியது. எல்லா டிரைவர்களுக்கும் மெடிக்கல் செக்கப். சுகர் கட்டுக்குள் இல்லாதவனுக்கு ஸ்டியரிங் கிடையாது. வீட்டில் மெஷின் வைத்திருப்பவர்கள் அதையும் கொண்டுவந்து காட்ட வேண்டும். மற்ற டிரைவர்கள் நடுங்கினார்கள். வேம்புலி குஷியானான். "நம்ம மிசினப் பாத்துட்டு அந்த டாக்டரே நம்ம கிட்ட டவுட் கேப்பாரு" என்றான். பஸ் போனால் அவனுக்கு வேறு எதுவும் இல்லை. வேறு தொழில் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. அந்த ஸ்டியரிங்கில்தான் அவன் மரியாதை முழுதும் இருந்தது. அது அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

செக்கப் ஆடி மாதத்தில் ஒரு புதன்கிழமை. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஏரிக்கரை அம்மன் கோயில் திருவிழா. இந்த வருஷம் கரகம் எடுக்கும் முறை வேம்புலியின் குடும்பத்துக்கு. திருவிழாவுக்கு முந்தின ஞாயிறு தொடங்கி ஏழு நாள் கையில் காப்பு கட்ட வேண்டும். காப்பு கட்டினால் குடிக்கக்கூடாது, ஒரு வேளைதான் சாப்பாடு.

ஆக, இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக வேம்புலி குடியை நிறுத்தினான். ஒரு வேளை என்பதற்காக அந்த ஒரு வேளையைக் கொஞ்சம் கவனித்தும் சாப்பிட்டான். ஒரு சொம்பு கூழ், வெல்லம் போட்ட பொங்கல், வீட்டுக்கு வீடு கூப்பிட்டுக் கொடுத்த துள்ளுமாவு. கரகம் எடுப்பவன் வேண்டாம் என்று சொன்னால் அம்மன் கோபித்துக்கொள்வாள் அல்லவா? வியாழக்கிழமை இருநூற்று அறுபது. வெள்ளிக்கிழமை இருநூற்றுத் தொண்ணூறு.

சனிக்கிழமை மத்தியானம் கடைக்கு வந்தான். முகம் செத்திருந்தது.

"பாத்தியா அண்ணாத்தே? குடிய நிறுத்துனேன், சுகரு ஏறிகினே போவுது. நான் சொன்னா எவன் நம்புனான்? புதங்கெயம டாக்டரு இத்தப் பாத்தா வண்டி போச்சி."

"பொங்கலைக் குறைடா."

"அம்மன் பிரசாதத்துல சுகரு ஏறுமா? நீ வேற. மாத்திர இன்னும் ரெண்டு பட்ட குடு. ரெண்டு ரெண்டா போட்டு எறக்கிடறேன்."

அந்த மாத்திரை, வயிற்றில் சோறு இருந்தாலும் இல்லாவிட்டாலும், இன்சுலினை உதைத்து வெளியே தள்ளுகிற வகை. இரட்டிப்பாகப் போடக்கூடாது என்று எனக்குத் தெரியும். சொல்லவும் சொன்னேன், மாத்திரையைக் கவரில் போட்டுக்கொண்டே சொன்னேன். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத மாதிரி.

அன்று சாயங்காலம் செல்வகுமார் வீட்டு மாடியில் வேம்புலி பத்தியத்தைத் திரும்பத் தொடங்கினான். காப்பு? அதற்கும் வழி வைத்திருந்தான். காப்பு கட்டிய மணிக்கட்டைச் சுற்றி ஒரு கைக்குட்டையை இறுக்கிக் கட்டி, இடது கையால் குடித்தான். கைக்குட்டை இருந்தால் அம்மனுக்குத் தெரியாதாம். மூவுலகையும் பார்க்கிறவள், ஐம்பது ரூபாய்க் கைக்குட்டைக்கு அப்பால் பார்க்கமாட்டாள் என்று நம்பிய பக்தன் அவன். வெறும் வயிறு, ஒன்றரைக் குவார்ட்டர், இரண்டு மாத்திரை. விரதம் என்பதால் ராத்திரி சாப்பிடவில்லை. கரகம் எடுக்க வேண்டும் என்பதால் காலையிலும் சாப்பிடவில்லை. ஆனால் பழக்கதோஷத்தில் காலை மாத்திரையை மட்டும் மறக்காமல், அதுவும் இரண்டாக, போட்டுக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு ஏரிக்கரையில் கரகம் ஜோடித்து அவன் தலையில் ஏற்றினார்கள். பம்பை அடிக்க ஆரம்பித்தது. ஐம்பது அடி நடந்திருப்பான். உடம்பு உதற ஆரம்பித்தது. வியர்வை மஞ்சளைக் கரைத்துக்கொண்டு வழிந்தது. கண் ஓரிடத்தில் நிற்கவில்லை.

"அம்மா வந்துட்டா!" என்று யாரோ கத்தினார்கள்.

குலவை வானத்தைப் பிளந்தது. பம்பைக்காரர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். அவன் தள்ளாடியபோது செல்வகுமார் ஓடிப்போய்க் கரகத்தைப் பிடித்துத் தன் தலையில் வாங்கிக்கொண்டான். நாலு பேர் வேம்புலியின் தலையில் மஞ்சள் தண்ணீரைக் கொட்டினார்கள், வாயில் வேப்பிலையைத் திணித்தார்கள். கசப்பு வைத்தியருக்கு வாய் நிறைய கசப்பு. கோயில் தர்மகர்த்தா இளங்கோ இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு முன்னால் வந்தார்.

"தாயே, கும்பாபிஷேகம் எப்ப நடக்கும், சொல்லும்மா!"

வேம்புலியின் நாக்கு குழறியது. "அறுவத்தி ஒண்ணு... பாஸ்டிங்... அறுவத்தி ஒண்ணு..."

இளங்கோவுக்குப் புரிந்துவிட்டது. "அறுபத்தோரு நாள் விரதம் இருக்கச் சொல்றா அம்மா!" என்று அவர் அலற, இன்னொரு குலவை. மகள் கல்யாணம் கேட்டு ஒரு அம்மாள் வந்தாள், அவளுக்கும் அறுபத்தொன்று. பட்டா கேட்டவருக்கும் அறுபத்தொன்று. ஆளுக்கு ஆள் போனில் குறித்துக்கொண்டார்கள்.

நான் எங்கே இருந்தேன்? இரண்டு கை தூரத்தில். அவன்மேல் இருந்து கற்பூரத்தையும் மீறி முந்தினநாள் பிராந்தி வாசனை அடித்தது. 'குடித்துவிட்டுக் கரகம் எடுக்கிறான், வெட்கம் கெட்டவன்' என்று மூக்கைச் சுளித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தேன். வியர்வை, நடுக்கம், குழறல், இதெல்லாம் எதன் அறிகுறி என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். ஊருக்கு அவன் அம்மன். எனக்கு அவன் குடிகாரன். இரண்டு கட்சியும் அவனை நிற்க வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

பொன்னியம்மாதான் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்தாள். "ஒத்து, ஒத்து! அந்தாளு பசில கீறாரு!" என்று கத்திக்கொண்டே அவனைப் பிடித்துக் கீழே உட்கார வைத்தாள். வாய்க்குள் விரலை விட்டு வேப்பிலையை வழித்து எறிந்தாள். பானகப் பந்தலில் இருந்து ஒரு சொம்பைத் தூக்கி வந்து, அவன் தாடையைப் பிடித்து, "முழுங்கு, கொஞ்சங் கொஞ்சமா முழுங்கு" என்று வாயில் விட்டாள். மேலே சாமி இருக்கும்போது எச்சில் சொம்பா என்று இளங்கோ தடுக்க வந்தார். "நவுரு நைனா. உன் சாமி எங்கயும் போவாது, என் புருசன் பூடுவாரு" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் இடுப்புப் பையில் மெஷின் இருக்கும். கோயிலுக்கும் அதை எடுத்துவராமல் இருக்கமாட்டான். எடுத்து, விரலில் குத்தினேன். சாமியைக் குத்துகிறான் பாவி என்று என் முதுகில் இரண்டு அடி விழுந்தது. தகுதியான அடிதான். மெஷின் முப்பத்தெட்டு என்று காட்டியது.

பானகம் அவனைக் கொஞ்சம் மீட்டது. "எங்க கீறேன்?" என்றான். செல்வகுமாரின் ஆட்டோவில் போட்டு ஒரு நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனோம். வழியிலேயே மறுபடி கண் சொருக ஆரம்பித்தது. அங்கே நரம்பில் குளுக்கோஸ் ஏற்றி, ஒருநாள் முழுக்க மணிக்கு மணி குத்திப் பார்த்து, திங்கட்கிழமை சாயங்காலம்தான் விட்டார்கள்.

திங்கட்கிழமை காலையில் நானும் போயிருந்தேன். டூட்டி டாக்டரம்மாவுக்கு வயது முப்பதுகூட இருக்காது. பொன்னியம்மா இட்லி வாங்கக் கீழே போயிருந்தாள். அந்தப் பெண் கட்டில் ஓரமாக நின்று, சத்தம் போடாமல் பேசினாள்.

"சாப்பிடாத நேரத்துல உங்க ஈரல்தான் கொஞ்சம் கொஞ்சமா சர்க்கரையை ரத்தத்துல விட்டுக்கிட்டே இருக்கும். உள்ள மது வந்துட்டா, முதல்ல அதைக் கழிச்சுக்கட்டுற வேலையைத்தான் ஈரல் பார்க்கும். சர்க்கரை விடுற வேலை நின்னுபோகும். அந்த நேரத்துல உங்க மாத்திரை மிச்சம் மீதி இருக்கிறதையும் எறக்கும். குடிச்சு பன்னெண்டு மணி நேரம் கழிச்சுக்கூட இப்படி ஆகலாம். போதை தெளிஞ்சிருக்கும், சர்க்கரை விழுந்துட்டே இருக்கும். பார்க்கிறவங்களுக்கு வித்தியாசம் தெரியாது, குடிகாரன்னு விட்டுட்டுப் போயிடுவாங்க."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. நான்தான் ஜன்னல் வழியாக எதையோ பார்த்தேன்.

"அப்ப எறங்குறது நல்லது இல்லியா மேடம்? அறுவத்தி ஒண்ணு, அம்பத்தி நாலு, எல்லாம் வந்துகீது."

"நல்லதா? எழுபதுக்குக் கீழ எல்லாமே ஆபத்துங்க. உங்க மூணு மாத சராசரி பார்க்கிற டெஸ்ட்டுல ஏழு புள்ளி ஒண்ணுன்னு வந்திருக்கு. காகிதத்துல பார்த்தா நல்ல நம்பர்தான். ஒரு நாள் முன்னூறு, ஒரு நாள் அம்பதுன்னா சராசரி அழகாத்தான் வரும். காலையில வண்டி கிண்டி ஓட்டுவீங்களா?"

வேம்புலி என்னைப் பார்த்தான். "இல்ல மேடம்" என்றான்.

நான் வாயைத் திறக்கவில்லை. அது அவன் பிழைப்பு, எனக்கெதற்கு என்று இருந்தேன். இருபத்திரண்டு வருஷமாக நான் கடை நடத்துகிற விதம் இதுதான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கடை ஓரமாக வந்து நின்றான். கூட்டம் கலையும்வரை காத்திருந்து மெஷினை என் மேஜைமேல் வைத்தான்.

"அண்ணாத்தே, நாளைக்கி செக்கப்பு. சராசரி ஓகே. இத்தான் பேஜாரு. கம்மி நம்பர மட்டும் அழிச்சிக் குடு."

"அப்படித் தனித்தனியா அழிக்க முடியாது. அழிச்சா எல்லாம் போகும்."

"போவட்டும். பேட்டரி மாத்துனேன், அழிஞ்சி பூட்ச்சின்னு சொல்லிக்கிறேன். இனிமே குடிக்கல, சத்தியமா. உன் காலப் புடிக்கிறேன். பதினாலு வருசம், ஒரு கீறல் இல்ல. வண்டிய மட்டும் புடுங்கிடாத."

எனக்கு மனசு இளகிவிட்டது. பாவமாக இருந்தது, உண்மையாகவே பாவமாக இருந்தது. எந்தப் பொத்தானை எத்தனை வினாடி அழுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். அழுத்தத்தான் போனேன்.

விரல் தவறி மெமரி ஓட ஆரம்பித்தது. நான் இதுவரை நம்பர்களை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் தேதியும் மணியும் இருப்பதைக் கவனித்ததே இல்லை. அறுபத்தொன்று, காலை ஐந்து ஐந்து. ஐம்பத்தெட்டு, ஐந்து பத்து. அறுபத்து மூன்று, ஐந்து மூன்று. பதினோரு காலைகள் அப்படி இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அப்புறம் இருபது நிமிஷத்தில் அவன் பஸ்ஸை எடுத்திருக்கிறான். எடுத்ததோடு நில்லாமல் அவற்றைப் பாரில் காட்டிக் கைதட்டு வாங்கியிருக்கிறான். அதில் என் கையும் உண்டு.

ஐம்பத்து நாலு. ஜூன் பன்னிரண்டு. காலை ஐந்து எட்டு.

கேக் வெட்டிக்கொண்டே பிரியா சிரித்த சிரிப்பு என் காதில் கேட்டது. பூந்தமல்லி ரோட்டில் அந்நேரத்துக்கு வருகிற டேங்கர் லாரிகளும் கன்டெய்னர்களும் கண்முன் வந்தன.

"பட்டன் ஜாமாயிருக்கு வேம்புலி. வெச்சுட்டுப் போ, சரிபண்ணி வைக்கிறேன். காலையில பொன்னியம்மாவை அனுப்பு" என்றேன். முகத்துக்கு நேராக 'முடியாது' என்று சொல்லத் துப்பில்லை. அவன் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனான்.

புதன்கிழமை காலை பொன்னியம்மா வந்தபோது மெஷினைக் கொடுத்து, தேதியையும் மணியையும் ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவள் எட்டாவது வரை படித்தவள். எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது அவளுக்கு இரண்டு நிமிஷத்தில் விளங்கியது. முந்தானையில் மெஷினை முடிந்துகொண்டு போனாள். கம்பெனி டாக்டர் மேஜையில் அதை வைத்தது அவள்தான் என்று பிரியா சொல்லித் தெரிந்துகொண்டேன். வேம்புலி பக்கத்திலேயே நின்றிருக்கிறான். தடுக்கவில்லையாம்; தலையைக் குனிந்தபடி பஸ் சாவியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தானாம்.

இப்போது அவனுக்கு கம்பெனி கேட்டில் வேலை. வண்டி வந்தால் கயிற்றை இழுத்துத் தடுப்பைத் தூக்க வேண்டும். ஆறு மாதம் சுகரும் அவனும் ஒழுங்காக இருந்தால் மறுபடி பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். தினமும் அதே பஸ்ஸில், கடைசி சீட்டில் உட்கார்ந்து போகிறான். கரையான்சாவடி வரும்போது கண்ணை மூடிக்கொள்கிறான் என்று பிரியா சொன்னாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. பாரில் ஓரத்து பெஞ்ச் காலியாக இருக்கிறது. மாத்திரை மாறிவிட்டது, இப்போது காலையில் நூற்று முப்பது வருகிறது, அதை அவன் யாரிடமும் காட்டுவதில்லை. ஊர் மட்டும் மாறவில்லை. ஆடி முடிந்தும் வெள்ளிக்கிழமை தவறாமல் அவன் வீட்டு வாசலில் எலுமிச்சம்பழத்தோடு நாலு பேர் குறி கேட்க நிற்கிறார்கள். தர்மகர்த்தா இளங்கோ இருபத்தெட்டாவது நாள் விரதத்தில் இருக்கிறார். அவருக்கும் சுகர் உண்டு, எச்சரித்தேன், கேட்கவில்லை.

வேம்புலி என் கடைப் பக்கம் வருவதில்லை. மாத்திரை வாங்க பொன்னியம்மாதான் வருகிறாள். போன வாரம் வந்தவள், சீட்டைக் கொடுத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளும்மா."

"அந்த மிசினு எத்தினி தபா உன் கைக்கு வந்துகீது. அன்னிக்கி மட்டும் எங்கைல குடுத்தியே, அது நாப்பத்திரெண்டு பொம்பளைங்கள நெனச்சிக் குடுத்தியா, உம் பொண்ண நெனச்சிக் குடுத்தியா?"

நான் திரும்பி, அலமாரியில் மாத்திரைப் பட்டையைத் தேடினேன். கண்ணெதிரிலேயே இருந்ததைக் கொஞ்ச நேரம் தேடினேன். கவரில் போட்டு நீட்டி, "காலையில ஒண்ணு, சாப்பாட்டுக்கு அப்புறம்" என்றேன்.

"அது எனக்குத் தெரியும்" என்றாள். கவரை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.